கார்பன் தாளைத் திருப்பிக் கொடுங்கள்

கூலிக்கு டைப் அடிக்கும் தொழிலில் விரல் வலியும் முதுகு வலியும் சீக்கிரம் பழகிவிடும்; எதிர் நாற்காலியில் இருப்பவர் நம்மைத் திருடியைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பதுதான் கடைசிவரை பழகாது. டைப்பிஸ்டாகவோ, அச்சகத்தில் எழுத்து கோர்ப்பவராகவோ, ஜெராக்ஸ் கடையிலோ இருந்து, ஊராருடைய காகிதத்தைப் படி எடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

என் கடை கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு சுக்கு குடோனுக்கு மேலே இருந்த ஒற்றை அறை. அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். நாங்கள் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், மெஷினில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் என் நாள் ஓடும். ஸ்டென்சில் தாளில் வெட்டிப் பல படிகள் எடுக்கக் கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்றும், அகலமான அட்டவணை அடிக்க நீளக் கேரேஜ் வைத்த டைப்ரைட்டர் ஒன்றும் என்னிடம் இருந்தன. மிளகு ஏற்றுமதிக்காரர்கள் கப்பல் காகிதங்களை என் மேஜையில் போட்டுவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவார்கள். சந்தேகப்படத் தெரியாதவர்கள். ஆனால் அந்த நீளக் கேரேஜைத் தேடி இன்னொரு கூட்டமும் வந்தது. காயலிலும் கடலிலும் மலையிலும் என்னென்ன ஜீவன் இருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் போடும் ஆராய்ச்சிக்காரர்கள். சந்தேகம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ரிப்பன்

முதலில் வந்தவர் இறால் குஞ்சுகளை ஆராய்கிறவர். பெயர் வேண்டாம், இறால் சார் என்றே வைத்துக்கொள்வோம். கட்டுரையை மொத்தமாகத் தரமாட்டார். பைக்குள் கை விட்டு ஒரு தாளை எடுத்துத் தருவார். அதை அடித்து முடித்த பிறகுதான் அடுத்தது. அதுவும் வரிசையாக இல்லை. கடைசிப் பக்கம், நடுப்பக்கம், முதல் பக்கம் என்று கலைத்துத் தருவார். எனக்குத் தொடர்ச்சி பிடிபட்டுவிடக் கூடாதாம்! எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் ஒரு வரியைத் திரும்பிப் பார்த்தால்கூட, "வாயிக்கண்டா, அடிச்சால் மதி" என்பார், படிக்க வேண்டாம், அடித்தால் போதும் என்று.

முடித்ததும் கார்பன் தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டார். அது நியாயம்தான், வெளிச்சத்தில் பிடித்தால் கார்பனில் எல்லாம் தெரியும். அடுத்து ரிப்பனையும் கழற்றித் தரச் சொன்னார். "சார், இது துணி ரிப்பன். முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி, ஒரே இடத்தில் பத்துத் தரம் அடி வாங்கினது. உங்க இறாலுக்கு மேலே ஏற்றுமதிக்கார சேட்டோட ஜாதிக்காய் உட்கார்ந்திருக்கு. எப்படிப் பிரிச்சுப் படிக்கிறது?" என்றேன். அவர் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து புது ரிப்பன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்! பழையதைத் தானே கழற்றி, பத்து விரலிலும் மையாக நின்றுகொண்டு, மகளிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்: "நீ படிக்க மாட்டே மோளே, எனக்குத் தெரியும். ஆனா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் எங்க ஆபீஸ் மேல்மாடியில இருக்கான்."

இல்லாத இடத்து ஆர்க்கிட்

தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எர்ணாகுளத்திலிருந்து படகேறி வருவார். மலைக்காட்டு ஆர்க்கிட் செடிகளைப் பற்றி எழுதுகிறவர். என்னை எப்போதும் "பெங்ஙளே" என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்கிற மாதிரி. ஒரு அபூர்வமான செடியைப் பற்றிய கட்டுரை. அடித்துக்கொண்டே வந்தபோது, செடி கிடைத்த இடம் என்ற வரியில் முதலில் எழுதியிருந்த மலையின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு ஒரு மலையின் பெயரை எழுதியிருந்தார். எது சரி என்று கேட்டேன். "ரெண்டாவது பொய். அதையே அடி" என்றார். சரியான இடத்தைப் போட்டால் செடி விற்கிறவர்கள் அடுத்த மழைக்குள் அங்கே போய் வேரோடு சுரண்டிவிடுவார்கள் என்றார். ஏற்கனவே ஒரு சரிவு அப்படித்தான் மொட்டையானதாம். படிக்கிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு மனசு உறுத்தியது. ஆனால் அந்தச் சரிவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டதால், வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

கட்டுரை வெளியாகி நாளாகிவிட்டது. ஒரு நாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் ஏதோ ஒரு சஞ்சிகை. அதைப் பிரித்து ஒரு பத்தியில் விரலை வைத்தார். வேறு யாரோ எழுதிய கட்டுரை. அதே செடியைத் தாமும் தேடிப் போய்ப் பார்த்ததாகவும், ஈரப்பாறையில் செழிப்பாக வளர்ந்திருந்ததாகவும், ஊர் மலை பெயரோடு எழுதியிருந்தார் அந்த ஆள். கோபமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத முகத்தோடு பெரியவர் சொன்னார்: "பெங்ஙளே, நான் பொய்யா எழுதின மலையில இவன் போய் நிஜச் செடியைப் பார்த்துட்டு வந்திருக்கான்!"

படிக்கட்டில் இருவர்

இறால் சார் பயந்த அந்த மேல்மாடிக்காரரும் என் வாடிக்கையாளர்தான் என்பது அவருக்குத் தெரியாது. நீளக் கேரேஜ் ஊரில் வேறெங்கே இருக்கிறது? இவர் காலையில் வந்தால் அவர் மத்தியானம் வருவார். இரண்டு பேரும் எழுதியது ஒரே குஞ்சைப் பற்றி. படத்தில் கால்கள்கூட ஒன்றுபோல் இருந்தன. யார் முதலில் அச்சில் போடுகிறாரோ அவருக்குத்தான் கண்டுபிடித்த பெருமை என்பது எனக்கும் தெரியும். இவரிடம் அவரைப் பற்றிச் சொன்னால் நான் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் துரோகி. கடவுளே, இவர்கள் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அடித்தேன்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் சந்தித்துக்கொண்டார்கள். இறால் சார் சம்பந்தி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்ததாகச் சொன்னார். மேல்மாடிக்காரர் கோயில் கமிட்டி நோட்டீஸ் என்றார். பையை மடியில் இறுக்கிக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து சாயா வரவழைத்தேன். குடித்தார்கள். மழை விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மற்றவரை என்னோடு தனியாக விட்டுவிட்டுப் போக இரண்டு பேருக்கும் துணிவில்லை. கடைசியில் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்தே எழுந்து, சேர்ந்தே இறங்கினார்கள். குடோன் மேஸ்திரி ஹம்ஸா மேலே எட்டிப் பார்த்து, "திருடினதைப் பங்கு வைக்க வந்தவங்களா சேச்சி?" என்று கேட்டார்.

அதன் பிறகு இரண்டு பேருமே கட்டுரையைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தார்களே தவிர அனுப்பவில்லை. அனுப்பினால் தபாலில் யாராவது பிரித்துப் பார்ப்பார்களோ என்று இறால் சாருக்குப் பயம். தப்பு கண்டுபிடித்து அவமானப்படுத்துவார்களோ என்று மேல்மாடிக்காரருக்குப் பயம். அடுத்த வருஷம் இறால் சார் தனியாக வந்தார். டைப் அடிக்க எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "வடக்கே ஒருத்தன் அச்சில போட்டுட்டான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் காவல் காத்துக்கிட்டு இருந்தோம்."

எமர்ஜென்சியில் புழு

எமர்ஜென்சி சமயத்தில் ஒரு காலேஜ் பேராசிரியர் காயல் சேற்றில் வாழும் புழுக்களைப் பற்றிய அட்டவணை கொடுத்திருந்தார். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எவ்வளவு உப்பு, என்ன புழு, எத்தனை என்று பக்கம் பக்கமாக எண்கள். சைக்ளோஸ்டைல் எடுத்து, மை காய்வதற்காக அறை முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் காலையில் மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர், எதிர் ஜன்னல் வீட்டம்மா என்று தெருவில் ஒவ்வொரு முகத்தையும் நானும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

கப்பல் போகிற வழியின் ஆழம் இதில் எதற்கு என்று கேட்டார். புழுவுக்காக என்றேன். அடிக்கோடிட்ட லத்தீன் பெயர்களைக் காட்டி, இது என்ன சங்கேத பாஷை என்றார். அதுதான் புழு என்றேன். அந்த நாளில் கூட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்ப விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் அப்பா படுக்கையில். அவர் ஒரு தாளை எடுத்து வெகுநேரம் படித்தார். "இத்துணூண்டு புழுவுக்கு இவ்வளவு நீளப் பேரா?" என்று சொல்லிவிட்டு, தாளைக் கொடியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். போன உயிர் அப்போதுதான் திரும்பியது.

சாயங்காலம் பேராசிரியர் வந்ததும் அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பற்றிய கவலை என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அவர் ஏதாவது குறிச்சுக்கிட்டாரா? எந்தக் காலேஜ்ல சுவாலஜி படிச்சவர்னு விசாரிச்சியா?"

சேறு எடுத்த பெண்

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள் ரம்லா. எங்கள் கொச்சங்காடிப் பெண். மாதம் தவறாமல், மழையிலும் வெயிலிலும், ஆலுவாப் பக்கம் ஆற்றிலிருந்து கடல் முகத்துவாரம் வரைக்கும் வஞ்சி என்கிற சிறு தோணியில் போய்ச் சேறு அள்ளி, சல்லடையில் அலசி, புழுவையும் கக்கா என்கிற சிப்பியையும் எண்ணுவாள். வஞ்சிக்குத் துடுப்பு வலிக்கிறவர் குஞ்ஞப்பன் சேட்டன். கக்கா வாரிப் பிழைக்கிற குடும்பம் அவருடையது. ரம்லா எண்ணியதை எல்லாம் பேராசிரியர் வாங்கித் தம் அறை இரும்பு அலமாரியில் பூட்டிவைப்பார். தாம் புத்தகம் எழுதும்வரை ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று உத்தரவு. புத்தகம் எப்போது என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை. போலீஸ் வந்துபோன நாளிலிருந்து சைக்ளோஸ்டைலும் கிடையாது; என்னிடம் அடிக்கக் கொண்டுவரும்போதுகூட, ஒரு படிக்கு மேல் கூடாது என்று சீட்டு எழுதி அனுப்புவார்.

கக்கா குறைந்துகொண்டே வந்தது அவள் எண்ணிக்கையில் தெளிவாகத் தெரிந்தது. சில இடங்களில் வருஷத்துக்கு வருஷம் பாதியாகிக்கொண்டிருந்தது. எங்கே, எந்த மாதத்தில் வாராமல் விட்டால் குஞ்சு பிழைக்கும் என்றும் அதிலேயே தெரிந்தது. குஞ்ஞப்பன் சேட்டன் கேட்டபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றுவாள். ஒரு நாள் அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வஞ்சியை நடுக்காயலில் நிறுத்திவிட்டாராம். கரைக்கு வந்து நேராக என் கடைக்கு ஏறி வந்தவள், அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். முகமெல்லாம் வெயிலில் கன்றியிருந்தது, அழுதிருந்தாள். அவர் சொன்னது: "எங்க சேத்தை எல்லாம் அள்ளிட்டுப் போனியே மோளே, அதுல என்ன இருந்துச்சுன்னு எங்ககிட்ட மட்டும்தான் சொல்ல மாட்டேங்கறே. யாருக்கு வித்தே?"

எல்லாருக்கும் ஒரு படி

ரம்லா எண்ணியபோது எழுதிய முதல் குறிப்புகள் அவளிடமே இருந்தன, பூட்டிக் கிடந்தது சுத்தப்படிதான். மொத்தத்தையும் ஸ்டென்சிலில் வெட்டித் தரச் சொன்னாள். மேலே அவள் பெயர். கீழே, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் பெயர் சொல்ல வேண்டும், தப்பிருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் ஒரு பக்கம் மலையாளத்தில், எந்த இடத்தில் எப்போது கக்கா வாரக் கூடாது என்று. அதை அவளே ஊசிப்பேனாவால் ஸ்டென்சிலில் எழுதினாள். "அவர் கையெழுத்துப் போடலைன்னா உனக்கு டிகிரி இல்லை, தெரியுமில்லே?" என்று கேட்டேன். எனக்கும் பயம்தான். என் கடைப் பெயரும் இதில் அடிபடும். அவள் ஸ்டென்சிலில் அடுத்த வரியை எழுதினாள்.

கை ஓயும்வரை சுற்றினோம். காலேஜ்கள், நூலகங்கள், ஆராய்ச்சி ஆபீஸ்கள், வெளிமாநிலத்தில் புழு எண்ணுகிறவர்கள் என்று எல்லாருக்கும் கவர் ஒட்டினோம். அவள் வீட்டு விலாசம் போட்டால் வாப்பாவுக்குத் தொந்தரவு வரும் என்பதால் என் கடை விலாசம்தான். மலையாளப் பக்கத்தைக் குஞ்ஞப்பன் சேட்டனிடம் நேரில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டாராம்: "இதைப் படிச்சுட்டு நாங்க ஆறு மாசம் வாராம இருந்தா, அதுக்குள்ள வேற யாரும் வந்து வாரிட்டுப் போக மாட்டாங்கன்னு என்ன உறுதி?"

பேராசிரியர் படியேறினார்

எதிர்பார்த்த மாதிரியே அவர் வந்தார். கையில் அந்தப் படி. எந்தப் பயலோ எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையிலேயே வைத்திருக்கிறான். நின்றபடியே, "இது உன் மெஷின். இந்த 'e' பாதி அடைச்சிருக்கு, எனக்குத் தெரியும்" என்றார். ஆமாம் சார் என்றேன். யாருக்குக் கொடுத்தாய் என்றார். அந்த இறால் ஆபீஸ் கூட்டமா, ஆலுவாக் காலேஜ்காரனா, வெளிநாட்டுக்காரனா? எவன் எவ்வளவு கொடுத்தான்? ஒவ்வொரு பெயராகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம், அவங்களுக்கும் அனுப்பினது என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது எனக்கே விசித்திரமாக இருந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது.

பெயர்கள் தீர்ந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வயதான முகம். இருபது வருஷமாக அந்தப் புழுக்களைச் சேர்த்தவர் அவர். அவரையும் யாரோ எப்போதோ ஏமாற்றியிருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மனிதர் இப்படி ஆகமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தனுக்குக் கொடுத்திருந்தா திருட்டுன்னு சொல்லலாம். எல்லாருக்கும் கொடுத்துட்டா, நான் யார் மேல கேஸ் போடறது?"

தேடி வந்தவர்

ரம்லாவுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. அவள் வேறு ஊரில் வேறு ஒருவரிடம் திரும்ப முதலிலிருந்து பதிவு செய்துகொண்டாள். எர்ணாகுளத்திலிருந்து ரயிலேறிப் போய் வருவாள். கல்யாணப் பேச்சு ஒன்று அதிலே நின்றுபோனது. அவளுடைய அட்டவணையைச் சிலர் பெயர் போட்டுப் பயன்படுத்தினார்கள், சிலர் பெயர் போடாமல். குஞ்ஞப்பன் சேட்டன் கூட்டம் காயலில் ஒரு சேற்று மேட்டை மட்டும், ஆள் காவல் வைத்துக்கொண்டு, வாராமல் விட்டுப் பார்த்தார்கள். நான் அடித்துக் கொடுத்தது நன்மையா கெடுதலா என்று எனக்கே தெரியாமல் இருந்த காலம் அது.

அப்போது ஒரு நாள் ஓர் இளைஞர் என் கடைக்கு வந்து, தமிழில், ரம்லா எங்கே என்று கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் காலேஜில் விரிவுரையாளராம். பேராசிரியர் அனுப்பிய ஒற்றன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். "அப்படி யாரையும் தெரியாது" என்றேன். "உங்க விலாசம்தானே போட்டிருக்கு அக்கா?" என்றார். "விலாசம் போட்டா தெரிஞ்சிருக்கணுமா?" என்றேன். அவர் பையிலிருந்து எங்கள் படியையும், சாராயத்தில் ஊறிய புழு ஒன்று இருந்த குப்பியையும் எடுத்து வைத்தார். அட்டவணையில் ஒரு புழுவின் பெயர் தவறு, அது ரம்லா நினைத்த ஜாதி இல்லை, வேறு, தம் ஊரிலும் அதே குழப்பம் இருந்தது, நேரில் காட்டத்தான் ராத்திரி பஸ்ஸில் வந்தேன் என்றார். என் டைப்பிங் பிழையாக இருக்குமோ என்று பதறிப்போய் பழைய ஸ்டென்சிலை எடுத்துப் பார்த்தேன். இல்லை, அவள் எழுதியதைத்தான் அடித்திருந்தேன்.

ரம்லாவை வரவழைத்தேன். அவள் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. அடுத்து லென்ஸை எடுத்தாள். இரண்டு பேரும் என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு புழுவின் கால்கள், ரோமங்கள் என்று பேச ஆரம்பித்தவர்கள், நான் கப்பல் காகிதம் ஒன்றை அடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை. அவர் கொண்டுவந்த எண்களையும் கேட்காமலே அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன பிறகு, இத்தனை பாடுபட்டதில் தப்பு வந்துவிட்டதே என்று வருத்தமா என்று கேட்டேன். அவள் திருத்த வேண்டிய ஸ்டென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அலமாரியிலே பூட்டிக் கிடந்திருந்தா, இந்தத் தப்பு சாகிற வரைக்கும் சரியாவே இருந்திருக்கும் சேச்சி."

இத்தனை பேருடைய ரகசியமும் என் பத்து விரல் வழியாகத்தான் போயிருக்கிறது, ஆனால் அவர்கள் அப்படிக் கட்டிக் காத்த புழுக்களில் ஒன்று என் சமையலறையில் நெளிந்தாலும் இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரியாது.